கட்டியதைக் காக்கும் கணக்கு

2017 செப்டம்பர் 7 அன்று கொங்கு வட்டாரத்துச் சோமனூர் பேருந்து நிலையத்தின் கான்கிரீட் கூரை இடிந்து விழுந்து ஐந்து பேர் உயிரிழந்தனர். அந்த நிலையம் அப்போது கருமத்தம்பட்டி பேரூராட்சியின் பொறுப்பில் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த மக்கள் மீது, அவர்களின் வரிப்பணத்தில் எழுந்த கூரையே விழுந்தது. பொறியாளர், ஆணையர், கணக்கர் என்று உள்ளாட்சியில் வேலை பார்க்கும் யாரும் இதை வேறொரு ஊரின் செய்தி என்று தள்ளிவிட முடியாது. அதுபோன்ற கூரைகள் நம் ஒவ்வொருவர் பொறுப்பிலும் இருக்கின்றன.

கருமத்தம்பட்டி 2021-இல் நகராட்சியாகத் தரம் உயர்ந்தது. 2022 பிப்ரவரியில் நகர்மன்றத் தேர்தல் நடந்தது. தேசிய நெடுஞ்சாலை, விசைத்தறிக் கூடங்கள், ஆண்டுக்காண்டு பெருகும் குடியிருப்புகள் என்று வளரும் ஊர் அது. தார்ச்சாலை, மழைநீர் வடிகால், குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என எல்லா வார்டுகளிலிருந்தும் கோரிக்கை வரத்தான் செய்யும். அவற்றுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரிந்த பாதைதான். சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவை சொந்த வருவாய். மாநில நிதி ஆணையத்தின் பகிர்வு, மத்திய நிதி ஆணைய மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் போன்ற திட்ட நிதிகள் மேலிருந்து வருபவை. பெரிய வேலை என்றால் மானியம் ஒரு பங்கு, கடன் ஒரு பங்கு, நகராட்சியின் பங்கு மீதி.

இந்தப் பாதை முழுவதும் புதிய வேலையை நோக்கியே போடப்பட்டிருக்கிறது. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, அளவுப் புத்தகம் என்று ஒவ்வொரு படிக்கும் கோப்பு உண்டு, கையெழுத்துப் போட ஆள் உண்டு. திறப்பு விழா முடிந்து, ஒப்பந்தக்காரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலமும் தீர்ந்த பிறகு, அந்தக் கட்டடத்துக்கென்று தனிக் கோப்பு கிடையாது. நம் முறையின் பெரிய ஓட்டை இதுதான் என்று உறுதியாகச் சொல்வோம்.

ஒரு கூரை எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். மொட்டைமாடியில் மழைநீர் இறங்கும் குழாயை வேப்பிலையும் பாலித்தீன் பையும் அடைத்துக்கொள்கின்றன. நீர் தேங்கிக் கசிகிறது. முதலில் கூரையின் அடியில் வெள்ளை பூத்தது போல் ஒரு கறை தெரியும். பிறகு கம்பி ஓடும் திசையில் பழுப்புக் கோடு விழும். துருப்பிடித்த கம்பி, பழைய இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும்; மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். சுத்தியலால் தட்டினால் அந்த இடம் வெற்றொலி தரும். அடைப்பை எடுக்க ஒரு தூய்மைப் பணியாளரின் அரை நாள் வேலை போதும். கறை தெரிந்தபோதே கசிவை அடைக்கும் செலவும் பெரிதல்ல. கம்பி வெளியே தெரிந்த பிறகுதான் பல ஊர்களில் மதிப்பீடே போடுகிறோம். அதற்கும் நிதி வரவில்லை என்றால் மேலே ஒரு பூச்சு பூசி வெள்ளையடித்துவிடுகிறோம். அந்தப் பூச்சு நோயை மறைக்கிறது. அடுத்து ஆய்வுக்கு வருபவரின் கண்ணையும் கட்டிவிடுகிறது.

பராமரிப்புக்குப் பணமில்லை என்ற பதில் முழு உண்மையல்ல. பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்குப் பரிந்துரைத்த மானியத்தில், கருமத்தம்பட்டி போன்ற ஊர்களுக்கு 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுண்டது. மீதி 40 விழுக்காட்டைச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் எடுக்கக் கூடாது என்பதைத் தவிர, உள்ளூர்த் தேவைக்குச் செலவிட இடமிருந்தது. பழுதுபார்ப்பதைவிடப் பெரிய உள்ளூர்த் தேவை என்ன இருக்கிறது? ஆனால் அந்தத் தொகையை வார்டு வாரியாகப் பிரித்துப் புதிய வேலைக்குக் கொடுப்பதே எளிது. மன்றத்தில் எதிர்ப்பு வராது, கல்வெட்டும் வைக்கலாம். உறுப்பினர்கள் மீது மட்டும் பழி போடுவது நியாயமல்ல. எந்தக் கட்டடம் எந்த நிலையில் இருக்கிறது என்ற பட்டியலை நாம் மன்றத்தின் முன் வைக்காதபோது, அவர்கள் எதை வைத்து முடிவெடுப்பார்கள்?

கணக்குப் பிரிவினர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்டுதோறும் சொத்துகளுக்குத் தேய்மானம் எழுதுகிறோம். ஏட்டில் மதிப்பு குறைகிறது. அதற்கு ஈடாக ஒரு ரூபாய்கூடத் தனியாக எடுத்துவைக்கப்படுவதில்லை. பேருந்து நிலையத்தில் கடை வாடகை, பேருந்து நுழைவுக் கட்டணம், கட்டணக் கழிப்பிட ஏலத்தொகை எல்லாம் வருகின்றன. அவை பொதுநிதியில் போய்ச் சேர்ந்து சம்பளத்திலும் மின்கட்டணத்திலும் கரைந்துவிடுகின்றன. ஒரு சொத்து ஈட்டும் வருவாயில் குறிப்பிட்ட பங்கு அந்தச் சொத்தின் பராமரிப்புக்கே என்று மன்றம் தீர்மானம் போட வேண்டும். பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை. வேறு எதற்கும் எடுக்க முடியாத தொகையாக இருக்க வேண்டும்.

2022 நவம்பர் 1 அன்று உள்ளாட்சி தினத்தில் நகரப் பகுதிகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. அந்த மேடையைப் புதிய கோரிக்கை வாங்க மட்டும் பயன்படுத்தாமல், அந்தப் பகுதியில் உள்ள பொதுக்கட்டடங்களின் நிலையைப் படித்துக் காட்டவும் பயன்படுத்தலாம். எந்தச் சுவரில் வெடிப்பு விட்டிருக்கிறது என்பதை அங்கே குடியிருப்பவர் நமக்கு முன்பே அறிவார்.

கொங்கு வட்டாரத்தில் பேரூராட்சியிலிருந்து நகராட்சியாக உயர்ந்த ஊர்களின் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த வரவு செலவுத் திட்டம் மன்றத்துக்குப் போவதற்கு முன், உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பேருந்து நிலையம், சந்தை, மேல்நிலைத் தொட்டி, சமுதாயக் கூடத்தின் கட்டிய ஆண்டையும் கடைசியாகப் பழுதுபார்த்த ஆண்டையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்திட்டு, மன்றப் பொருளாக வையுங்கள்.