எந்த ஆண்டோடு ஒப்பிடுவது?

2022ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த உல்லாசப் பயணிகள் 719,978 பேர். 194,495 பேரே வந்த 2021ஆம் ஆண்டோடு ஒப்பிட்டால் இஃது ஏறக்குறைய நான்கு மடங்கு. 2,333,796 பேர் வந்த 2018ஆம் ஆண்டோடு ஒப்பிட்டாலோ மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. அரசின் பொறுப்பிலுள்ள பத்திரிகைகளும் வானொலியும் இவற்றுள் எதனைத் தலைப்பாக்க விரும்பும் என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ? தொகையிற் பிழையில்லை, அளவுகோலிலேதான் சூழ்ச்சி.

திருக்கோணமலையார்க்கு இக்கணக்கு இன்னொரு வகையிலும் பொருந்தாது. தென்மேற்குக் கரைக்கு மார்கழி முதல் பங்குனி வரை பருவம். நிலாவெளிக்கும் உப்புவெளிக்குமோ சித்திரை முதல் புரட்டாதி வரை. வாடைக்காற்று எழுந்தபின் புறாத்தீவுக்குப் படகு விடுவார் யார்? 2022 மார்ச்சில் நாட்டிற்கு வந்தோர் 106,500 பேர். எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்ற மே மாதத்தில், அதாவது எமது பருவத்தில், வந்தோர் 30,207 பேரே. ஆண்டுத் தொகையின் பெருமிதம் எம்மூர்ப் படகோட்டியின் அடுப்படிக்கு எட்டவில்லை. (2019 ஏப்ரல் 21இல் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளும் எம் பருவத்தின் வாயிலிலேயே நேர்ந்தன.)

இம்மலரைக் கையிலெடுப்போருள் விடுதி நடத்துவோரும் உளர். அவர்பொருட்டு யாம் கேட்பது இவ்வளவே: அரச ஏடுகள் இத்தொகைகளை மாதவாரியாகவும் கரைவாரியாகவும் வெளியிடுக. வீழ்ச்சியை வீழ்ச்சியென்றே வேளையோடு அறிந்தால், புதுப் படகுக்குக் கடன்பட இருப்போர் சிலரேனும் அதனை மறு வருடத்துக்குத் தள்ளிப்போடுவர்.