மின்சாரம் போன நேரத்தைக் குறித்து வையுங்கள்

2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்தபோது, வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் பல தெருக்களுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. தெருவோர மின்பெட்டிகள் தண்ணீரில் நிற்கையில் இணைப்புக் கொடுத்தால் உயிர் போகும். நிறுத்தி வைத்தது சரியான முடிவு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாவின் உட்கிராமங்கள் சிலவற்றுக்கு வெளிச்சம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. ஒவ்வொரு புயலுக்கும் மெழுகுவத்தி வாங்குங்கள், செல்போனுக்கு சார்ஜ் போடுங்கள், தொட்டியை நிரப்புங்கள் என்று அறிவுரை வருகிறது. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் சாப்பாட்டை என்ன செய்வது என்று சொல்பவர்கள் மிகக் குறைவு.

புயலுக்கு மறுநாள் பல வீடுகளில் நடப்பது இதுதான். மருமகள் மீன்குழம்புச் சட்டியை வெளியே எடுக்கிறாள். மாமியார் மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார். “வாடை ஒண்ணும் வரலையேம்மா, ஒரு கொதி விட்டா சரியாப் போயிடும்” என்கிறார். சட்டி அடுப்பேறுகிறது. கெட்டுப்போயிருந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும், மூக்குக்குத் தப்பியதை நெருப்பு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக வந்தது. அதை முழுதாக நம்ப முடியாது.

வாடை வரவைக்கும் கிருமிகள் வேறு, வாந்தி பேதி வரவைக்கும் கிருமிகள் பெரும்பாலும் வேறு. பின்னவை பெருகிக் கிடந்தாலும் நிறமோ மணமோ மாறாமல் போகலாம். கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும். ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கி வைத்த நஞ்சு சாகாது. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு அப்படிப்பட்டது. வெளியில் கிடந்த சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் விடும் வாந்தி நஞ்சும் அப்படியே. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர்ச்சி இழந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்கிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அது குழம்பிலேயே தங்கும்; சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலை வெடிப்பதுபோல் வலிக்கும்.

ஆகவே நம்ப வேண்டியது கடிகாரத்தை. ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை கிருமிகள் பெருகும் எல்லை. கதவைத் திறக்காமல் வைத்தால் மின்சாரம் போன பிறகு ஏறத்தாழ 4 மணி நேரம் ஃப்ரிட்ஜ் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போனால் பால், சமைத்த கறி, மீன், சோறு, சாம்பார், பனீர், தேங்காய்ச் சட்னி, வெட்டிய பழம் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. நிரம்பிய ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிரம்பியது 24 மணி நேரமும் தாங்கும்.

இந்த 48 மணி நேரக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஃப்ரீசருக்குத் தனிக் கதவு இருக்கும் பெட்டிகளை வைத்து அமெரிக்காவில் சொல்லப்படுவது. நம் வீடுகளில் ஏராளமாக இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். தண்ணீர் பாட்டிலுக்காகத் திறந்தாலும் மேலே இருக்கும் சின்ன ஃப்ரீசருக்கும் சேர்த்து வெப்பம் உள்ளே போகும். அதில் இருக்கும் கறியில் இன்னும் ஐஸ் துகள் தெரிந்தால் உடனே சமைத்துவிடலாம். இளகிக் கொழகொழவென்று ஆகி, எப்போது அப்படி ஆனது என்றும் தெரியாவிட்டால் அதை விட்டுவிடுவதே நல்லது.

எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. நெய், வெண்ணெய், ஊறுகாய், புளிக்காய்ச்சல், முழுக் காய்கறி, பழம் பிழைத்துக்கொள்ளும். இட்லி மாவும் தயிரும் புளிக்கும். அந்தப் புளிப்பே பல கிருமிகளை அண்டவிடாது. ஆனால் வெள்ளத் தண்ணீர் தொட்டது எதுவானாலும், மூடி போட்ட டப்பாவில் இருந்தாலும், வேண்டாம். அந்தத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கிறது.

சாப்பாட்டைக் கொட்டுவது பாவம் என்று வளர்ந்தவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல. பால் பாக்கெட் கிடைக்காமல் ஊரே அலையும் நாளில் வீட்டில் இருக்கும் பாலைக் கீழே ஊற்ற யாருக்குத்தான் மனம் வரும்? பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தயங்கும் மிச்சத்தைப் பல வீடுகளில் அம்மாதான் சாப்பிட்டுத் தீர்க்கிறார். சிக்கனத்தின் விலையை அவர் உடம்பு கட்டுகிறது. கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு அந்த விலை இன்னும் அதிகம்.

வீணாகாமல் இருக்க வழி புயலுக்கு முன்பே இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வு மையம் 48 மணி நேரத்துக்கு முன்பே புயல் எச்சரிக்கை தருகிறது. அன்றே ஃப்ரிட்ஜைக் காலி செய்யத் தொடங்கலாம்: மீனையும் கறியையும் முதலில் சமைத்துத் தீர்ப்பது, புதிதாக வாங்காமல் இருப்பது, பிளாஸ்டிக் பாட்டில்களில் கொஞ்சம் இடம் விட்டுத் தண்ணீர் நிரப்பி ஃப்ரீசரில் உறைய வைப்பது. மின்சாரம் போனதும் அந்த ஐஸ் பாட்டில்களோடு பாலையும் இன்சுலினையும் ஒரு தெர்மாகோல் பெட்டிக்கு மாற்றினால் ஃப்ரிட்ஜைத் திறக்கும் தேவையே குறையும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். ஐஸில் நேராகப் படாமல் துணி சுற்றி வைக்க வேண்டும். மண்பானையை நம்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் ஆவியாவதால்தான் பானை குளிர்கிறது, ஈரம் நிறைந்த புயல் காற்றில் அது சித்திரையில் குளிர்வதுபோல் குளிராது.

தடுப்பூசி விஷயத்தில் அரசு இதையெல்லாம் எப்போதோ யோசித்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உள்ள ஐஸ் சூழ்ந்த குளிர்பெட்டி, நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே குளிரைக் காக்கும். போலியோ சொட்டு மருந்துக் குப்பியில், வெப்பம் பட்டால் நிறம் மாறும் சின்னச் சதுரம் இருக்கிறது. வீட்டு ஃப்ரிட்ஜின் நட்சத்திர முத்திரையோ ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று சொல்கிறது. மின்சாரம் நின்றால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்வதில்லை. அதையும் அச்சிடச் சொல்லிக் கட்டாயமாக்க வேண்டும்.

மின்வாரியத்தாலும் ஒன்று செய்ய முடியும். மின்கட்டணத்துக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பும் வழி அதனிடம் இருக்கிறது. அதே வழியில், உங்கள் பகுதிக்கு மின்சாரம் இத்தனை மணிக்கு நின்றது, இத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு வரி அனுப்பலாம். வீட்டில் இருந்தவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். நிவாரண முகாமிலோ உறவினர் வீட்டிலோ தங்கிவிட்டுத் திரும்புபவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. கிளம்பும் முன் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் போனால், அது அடியில் போய் உறைந்திருப்பதைக் கண்டு ஐஸ் ஒருமுறை உருகி மறுபடி உறைந்ததை அறியலாம். அதைச் செய்யாமல் அவசரத்தில் கிளம்பியவர்கள் வந்து பார்க்கும்போது விளக்கு எரியும், ஃப்ரிட்ஜ் சில்லென்று இருக்கும், பாலும் குழம்பும் வைத்த இடத்தில் இருக்கும். நடுவே முப்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்ததை அவர்களுக்கு அந்த ஒரு வரிச் செய்திதான் சொல்ல முடியும்.