தென்காசி வீடுகளில் கொரியா நாட்டுக் கொலை மர்மம்!
ராத்திரி கண் விழித்துப் பார்க்கிறார்களே, என்ன காரணம்?

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் தென்காசி வீடுகளில் சீக்கிரமே கதவை அடைத்துவிடுவார்கள். வெளியே குளிர்ந்த காற்று. உள்ளே சூடான காப்பி. வீட்டுப் பிள்ளையின் கையில் செல்போன். அதில் ஓடுவது கொரியா நாட்டுத் துப்பறியும் கதை!

பேசுவது வேற்று மொழி. ஆள் பெயரும் ஊர் பெயரும் வாயில் நுழையாது. அப்படியும் விடுவதில்லை.

"இன்னும் ஒரு பாகம் பார்த்துவிட்டுப் படுக்கிறேன், அம்மா" என்கிறான் மகன். "கொலையும் ரத்தமும் உனக்கு எதுக்குடா?" என்று அதட்டுகிறாள் தாய். கொஞ்ச நேரத்தில் அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள்!

தென்காசி எங்கே, கொரியா எங்கே? இந்தக் கதைகளில் அப்படி என்ன இருக்கிறது?

அங்கேயும் "அப்பா"தான்!

கொரிய மொழியிலும் தகப்பனாரை "அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தாயாரை "ஒம்மா" என்கிறார்கள். பெரியவர்களைக் கண்டால் தலை வணங்குகிறார்கள். அவர்களுக்கும் சோறுதான் முக்கிய உணவு. அதனால் பார்ப்பவர்களுக்கு அது அந்நிய வீடாகத் தோன்றுவதில்லை.

ஆனால், அது மட்டும் காரணம் அல்ல. கதையில்தான் விஷயம் இருக்கிறது.

செத்தவருக்காக ஒரு குரல்

2016-ம் ஆண்டில் வந்த "சிக்னல்" என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 16 பாகங்கள். எழுதியவர் கிம் உன் ஹீ என்ற பெண்மணி.

போலீசார் கையில் வைத்துப் பேசும் பழைய வாக்கி-டாக்கி ஒன்று ஓர் இளம் அதிகாரியின் கையில் கிடைக்கிறது. இரவு 11 மணி 23 நிமிடத்துக்கு அது பேசுகிறது. பேசுகிறவர் யார்? பல ஆண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரு போலீஸ்காரர்! பழைய காலமும் புதிய காலமும் சேர்ந்து, துப்புத் துலங்காத கொலைகளைத் துருவுகின்றன.

முதல் வழக்கில் ஒரு சிறுமி கடத்திக் கொல்லப்பட்டு 15 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த நாட்டுச் சட்டப்படி கெடு முடிந்துவிட்டால் கொலைகாரனைத் தண்டிக்க முடியாது. கெடு முடியச் சில மணி நேரமே பாக்கி! பிடிபடுவானா, மாட்டானா? பார்ப்பவர்களுக்கு எப்படித் தூக்கம் வரும்?

உண்மையில் நடந்த கொடுமை

இந்தத் தொடரில் ஒரு பகுதி உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. கொரியாவில் ஹ்வாசொங் என்ற ஊர்ப் பக்கம் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். கொலைகாரன் அகப்படவில்லை. 2006-ல் கெடுவும் முடிந்துபோயிற்று.

2015-ல் அந்த நாடு கொலைக் குற்றத்துக்கு இருந்த கெடுவையே எடுத்துவிட்டது. ஆனால் பழைய கொலைகளுக்கு அது உதவவில்லை.

2019-ல் துப்புத் துலங்கியது. பத்திரமாக வைத்திருந்த தடயங்களை மரபணுச் சோதனை செய்தார்கள். வேறொரு கொலைக்காக ஏற்கெனவே ஆயுள் தண்டனை அனுபவித்துவந்த ஒருவன் சிக்கினான். பத்துக் கொலைகளையும் தானே செய்ததாக ஒப்புக்கொண்டான். ஆனால் கெடு முடிந்துவிட்டதால், அந்தக் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க முடியவில்லை!

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தப் பத்தில் ஒரு கொலைக்காக, 1989-லேயே ஓர் ஏழைத் தொழிலாளியைப் பிடித்திருந்தார்கள். அடித்தும் தூங்கவிடாமலும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்று அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. சுமார் 20 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. 2020-ம் ஆண்டு டிசம்பரில்தான் "குற்றமற்றவர்" என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது. போலீசார் மன்னிப்புக் கேட்டார்கள். போன வாலிபம் திரும்பி வருமா?

நெல்லைச் சீமைக்குப் புதிது அல்ல

அநியாயமாகச் செத்தவர்களின் கதையை ராத்திரி முழுவதும் உட்கார்ந்து கேட்பது இந்தப் பக்கத்து மக்களுக்குப் புதிய பழக்கமா? இல்லவே இல்லை. வில்லுப்பாட்டு அதைத்தானே செய்துவந்தது!

பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோவில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் சன்னதியில் பக்தர்கள் தோல் செருப்பைக் காணிக்கை வைக்கிறார்கள். ஏன் செருப்பு?

முத்துப்பட்டன் என்ற பிராமண வாலிபன், செருப்புத் தைக்கும் குடும்பத்தில் பிறந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளை மணந்தான். மாமனாரின் மாடுகளைக் கொள்ளையர் ஓட்டிப்போனபோது, மீட்கப் போய் உயிர் விட்டான். இரண்டு பெண்களும் தீயில் இறங்கினார்கள். கொல்லப்பட்டவனை ஊர் மறக்கவில்லை. தெய்வமாக்கிக் கும்பிட்டது.

இந்தக் கதைப் பாடலைப் பேராசிரியர் நா. வானமாமலை தேடிப் பதிப்பித்தார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள் என்று பிற்காலத்தில் கதையை மாற்றியிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். உண்மையை மூடி மறைக்கும் வேலை பாட்டிலும் நடந்திருக்கிறது!

வில்லுப்பாட்டில் செத்தவன் தெய்வமாகிறான். கொரியக் கதையில் செத்தவர் பேரைச் சொல்ல ஒரு போலீஸ்காரர் வருகிறார். இரண்டும் சொல்வது ஒன்றுதான்: "உன்னை மறக்கமாட்டோம்!"

நாமும் கொடுத்திருக்கிறோம்

வரவு மட்டும் அல்ல, செலவும் உண்டு. மலையாள "திருஷ்யம்" கதை 2015-ல் கமலஹாசன் நடிக்க, நெல்லைப் பேச்சில் "பாபநாசம்" ஆயிற்று. அதே கதையைக் கொரிய மொழியில் எடுக்கப்போவதாக 2023-ல் அறிவித்தார்கள். தமிழிலும் 2022-ல் "விலங்கு", "சுழல்" ஆகிய துப்பறியும் தொடர்கள் வந்தன.

பெற்றோர் கவனிக்க வேண்டியது

இவை குழந்தைகளுக்கு ஆனவை அல்ல. பயங்கரக் காட்சிகள் உண்டு. சிறுவர்களைத் தூங்க வைத்துவிட்டுப் பார்ப்பதே நல்லது.

வளர்ந்த பிள்ளைகள் பார்த்தால் பக்கத்தில் உட்காருங்கள். கதை முடிந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். "கொலைகாரன் யார்?" என்பது ஒன்று. "அடித்து வாங்கிய வாக்குமூலம் உண்மை ஆகுமா?" என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் பெரிய கேள்வி.

நம் நாட்டில் கொலைக் குற்றத்துக்குக் கெடு கிடையாது. எத்தனை ஆண்டு கழித்தும் வழக்குப் போடலாம். ஆனால் சட்டத்தில் கெடு இல்லாவிட்டாலும், ஜனங்களின் ஞாபகத்துக்குக் கெடு உண்டு. நேற்றைய பத்திரிகையில் பதறிப் படித்த பெயரை அடுத்த மாதம் மறந்துவிடுகிறோம்.

மறக்கவிடாமல் செய்வதுதான் நல்ல துப்பறியும் கதையின் வேலை. வில்லடித்துச் சொன்னாலும் சரி, செல்போனில் காட்டினாலும் சரி.