கறை அல்ல, கறுப்பு

நாகலூரில் எங்களுக்கு இருப்பது சிறிய காப்பித் தோட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அப்பாவின் கவாத்துக் கத்தி அங்கேதான் முப்பது ஆண்டுகள் உழைத்தது. அவர் மறைந்தபின் அது கொட்டகைச் சுவரில் தொங்கியது. கைப்பிடி பளபளவென்றும் அலகு கரியெனவும் இருந்தது. அந்தக் கரியை அழுக்கு என்று எண்ணி உப்புத்தாளால் தேய்த்து அகற்றியவன் நான். தமிழ் கற்பிக்கிற ஒருவன் செய்யக்கூடாத பிழை அது என்பது பிறகுதான் விளங்கியது.

தேய்த்ததற்குக் காரணம் ஓர் ஆசை. அமிலத்தில் நனைத்தால் எஃகின் மேல் நீரோட்டம் போன்ற வரிகள் எழும் என்று படித்திருந்தேன். சேலத்து இரும்பென்றால் அதில் பழைய உருக்கின் வரி இருக்காதா என்ற அசட்டு நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது.

அந்த நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றதல்ல. நொய்யல் கரையின் கொடுமணல் அகழாய்வில் இரும்பு, உருக்கு உலைகளின் எச்சங்கள் கிடைத்தன. ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்றழைத்தது நம் உருக்கைத்தான். கொல்லனின் மகனான மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுத்தாய்ந்தார். ஜோசையா ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியபோது சேலத்துத் தாதையே நம்பினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் சேலம் அருணாசலத்தின் பெயர் பொறித்த கத்திகளை விரும்பி வாங்கினார்கள்.

ஆனால் வரி எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. மூசையில் உருக்கிய அந்த எஃகில் கரிமம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு இருக்கும். மெதுவாக ஆறும்போதும், அளவான சூட்டில் திரும்பத் திரும்ப அடிக்கும்போதும், கடினமான கார்பைடு துகள்கள் அடுக்கடுக்காக வரிசை கொள்ளும். மெருகிட்ட அலகில் அவை கண்ணுக்குத் தெரியா. அமிலம் பட்டால் சுற்றியுள்ள இரும்பு அரிக்கப்பட்டுக் கறுக்கும், கார்பைடு வெள்ளையாக நிற்கும். அமிலம் எதையும் வரைவதில்லை. உள்ளே எழுதப்பட்டிருப்பதை வாசிக்க மட்டுமே அதனால் முடியும்.

மின்னணுப் பலகை அரிக்கப் பயன்படும் ஃபெரிக் குளோரைடை வாங்கி, ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்துக் கத்தியை நனைத்தேன். வரி எதுவும் எழவில்லை. அலகு முழுதும் சாம்பல் பூத்தது. ஏமாற்றத்தோடு கழுவித் துடைத்தபோதுதான், வாய்ப்பக்கமாக விரற்கடை அகலத்தில் ஒரு கோடு வளைந்து செல்வதைக் கண்டேன். கோட்டுக்கு இப்புறம் ஒரு நிறம், அப்புறம் வேறு நிறம்.

மலையடிவாரத்தில் இன்னும் உலை மூட்டும் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார்.

“இது லாரிப் பட்டை, வாத்தியாரே. இதுல என்ன வரி தேடுறீங்க? ஆனா அடிச்சவன் கைகாரன். வாய்க்கு மட்டும் தோய்ச்சல் போட்டிருக்கான். முதுகுக்குப் போட்டிருந்தா கிளையில மாட்டி ஒடிஞ்சிருக்கும்.”

அந்தக் கோடு, பெயர் தெரியாத ஒரு கொல்லர் செந்தணலிலிருந்து எடுத்த அலகை எவ்வளவு ஆழம் நீரில் இறக்கினார் என்பதற்கான சாட்சி. டமாஸ்கஸ் வாளின் மரபைத் தேடிய எனக்கு, கண்முன் இருந்த ஒரு மனிதரின் கைத்திறன் கிடைத்தது. கூடவே ஓர் இழப்பும் கிடைத்தது. காப்பிச் செடியின் சாறும் அப்பாவின் வியர்வையும் முப்பது ஆண்டுகளாகப் படியவைத்த கறுப்பை, ஒரு பிற்பகலில் நான் அழித்திருந்தேன்.

கறுப்பும் துருவும் ஒன்றல்ல. செந்துரு பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பையும் தின்றுகொண்டே போகும். கறுப்போ இரும்போடு ஒட்டி நின்று அதைக் காக்கும். வாழைப்பூவும் வாழைக்காயும் அரிந்த அரிவாள்மனை கறுப்பது அவற்றின் துவர்ப்பால்தான். கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதி சேர்ந்தால் கறுப்பு மை ஆகிறதே, அதே வேதியியல். நம் சமையலறை இரும்பு தன் மீது தானே மை எழுதிக்கொள்கிறது. நாம் சாம்பல் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் முயல விரும்புவோரை நான் தடுக்கமாட்டேன். கையுறை வேண்டும், காற்றோட்டம் வேண்டும். கழிப்பறை அமிலத்தைத் தொடவே வேண்டாம். அதன் ஆவி அறையிலுள்ள மற்றக் கருவிகளையும் துருவாக்கிவிடும். நனைத்த அலகைச் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி எண்ணெய் பூசவேண்டும். காய் நறுக்கும் கத்திக்குக் கடுங்காப்பியோ வினிகரோ போதும். சேர்வராயன் மலையில் காப்பிக்குப் பஞ்சமில்லை.

நான் மறுப்பது வேறொன்றை. துருவேறாத மலிவான கத்திமேல் டமாஸ்கஸ் வரியை அச்சிட்டு விற்கிறார்கள். நேற்று வாங்கிய கத்தியை இன்று அமிலத்தில் இட்டுப் பாட்டன் சொத்து என்று காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னதில் உள்ளே எழுத்தே இல்லை. பின்னதில் உழைக்காத காலத்துக்குக் கூலி கேட்கப்படுகிறது. கஞ்சமலை அடிவாரத்தில் 1982இல் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலை புகழ்பெற்றது துருவேறா எஃகுக்காக. அதன்மேல் எனக்குக் குறையில்லை. கறைபடாதிருப்பதே அதன் நேர்மை. கறைபடாத ஒன்று வயதானதுபோல் நடிப்பதுதான் உறுத்துகிறது.

இது புதிய கேள்வியும் அல்ல. இந்த மலைக்கு வடக்கே தகடூரை ஆண்ட அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டாக இருக்கிறது. பீலி அணிந்து நெய் பூசிய கருவிகள் ஒரு பக்கம். நுனி முறிந்து கொல்லன் களரியில் கிடக்கும் அதியமானின் வேல்கள் மறுபக்கம். புகழ்வதுபோல் பழித்த அந்தப் பாட்டை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்துகிறேன். என் கொட்டகைச் சுவரில் அதன் உரை தொங்கியதைத்தான் படிக்கத் தவறினேன்.

எழுத்துக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். புதிதாக எழுத வருகிற மாணவர்கள் சிலர் தம் கதைகளில் அருஞ்சொற்களைத் தெளித்துப் பழமையின் சாயல் ஏற்றுகிறார்கள். அவர்களிடம் இனி நான் கேட்கப்போவது ஒன்றுதான்: இந்தச் சொல்லால் எதையாவது அறுத்திருக்கிறாயா?

சென்ற அறுவடை முடிந்ததும் அந்தக் கத்தியைச் சாணை பிடித்து நானே கவாத்துக்கு எடுத்துச் சென்றேன். கை பழகவில்லை, பாதித் தோட்டத்தில் ஆளை வைத்தேன். அலகின் நடுவில் இப்போது நீலம் கலந்த ஒரு கறுப்பு படரத் தொடங்கியிருக்கிறது. அது அப்பாவின் கறுப்பு அல்ல.