பூசைக்கு எந்த மொழி?

அல்சூருக்கு வேலை தேடி வரும் தமிழ்க் கத்தோலிக்கத் தொழிலாளி முதலில் விசாரிப்பது வாடகை வீட்டை, அடுத்தபடியாகக் கோவிலை. ஊர்ப் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்த கடிதம் சட்டைப் பையில் மடித்து இருக்கும். பிள்ளைக்கு ஞானஸ்நானம், பெண்ணுக்கு ஓலை வாசித்தல், பள்ளிக்கூடத்தில் இடம், கடைசியில் கல்லறையில் ஆறடி நிலம் என்று எல்லாவற்றுக்கும் கோவில் பதிவேடு வேண்டும். ரேஷன் கார்டு கிடைக்க வருஷக்கணக்கில் அலைந்தவனுக்கும் கோவில் அன்றே ஒரு விலாசம் கொடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட கோவிலில் எந்த மொழியில் பூசை என்ற கேள்வி அவனுக்குச் சாமியார்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் விவகாரமாகத் தோன்றாதது இயற்கையே.

தமிழர் இங்கே நேற்று வந்தவரல்லர். 1809-ல் வெள்ளையர் தண்டு அமைத்தபோது பட்டாளத்தோடு வந்தவர்களில் பெரும் பகுதி தமிழர். ‘தம்பிகள்’ என்று பெயர் பெற்ற மெட்ராஸ் சாப்பர்களின் முகாம் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் பாதை வந்ததும் கூட்டம் பெருகியது. அதற்கும் முன்பே செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவர்கள் பிளாக்பள்ளியில் ஓலைக் குடிசை போட்டுக் கும்பிட்டார்கள் என்றும், இன்றைய சிவாஜிநகர் மாதா கோவிலின் தொடக்கம் அதுவே என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். தண்டுப் பகுதியோ 1881 முதல் 1947 வரை மைசூர் அரசின் கையிலேயே இல்லை. ஆகவே இந்தப் பக்கத்துக் கோவில்களில் தமிழ் கேட்டதற்கு யாருடைய சூழ்ச்சியும் காரணமல்ல. வந்து குடியேறியவர்கள் பேசிய மொழி அது, அவ்வளவுதான்.

பூசை லத்தீனில் நடந்த காலத்தில் சண்டை இல்லை. யாருக்கும் புரியவில்லை, ஆகவே யாருக்கும் மனத்தாங்கலும் இல்லை! 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது. மற்ற ஊர்களில் அது நல்ல செய்தியாக முடிந்தது. பெங்களூரில் மட்டும் ‘யாருடைய தாய்மொழி?’ என்று கேள்வி எழுந்தது. மறைமாவட்டம் கன்னட நாட்டில். தண்டுப் பகுதியில் பீடத்தின் முன் முழங்காலிட்டவர்களில் பெருங்கூட்டம் தமிழர்.

கன்னடக் கத்தோலிக்கர் சொன்ன குறையை வெறும் துவேஷம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. 1968 முதல் 1986 வரை பேராயர்களாக இருந்த லூர்துசாமி, ஆரோக்கியசாமி இருவரும் தமிழர். ‘சொந்த மண்ணில் எங்கள் மொழிக்கு ஓரத்தில்தானா இடம்?’ என்று கன்னட விசுவாசி கேட்டால், தமிழன் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் இப்படி நேர்ந்திருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா? 1982-ல் கோகாக் கிளர்ச்சி எழுந்தது. அதன் சூடு கோவிலையும் தொட்டது. அடுத்த ஆண்டுகளில் பூசை நேரம், பாட்டு, அறிவிப்புப் பலகை எல்லாமே வழக்காயின.

சி.எஸ்.ஐ. சபையார் வேறு வழி பிடித்தார்கள். தமிழுக்குத் தனிச் சபை, கன்னடத்துக்குத் தனிச் சபை, ஆங்கிலத்துக்குத் தனிச் சபை. தகராறு குறைவுதான். ஆனால் ஒரே பேராயத்தின் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமல் வளர்ந்துவிடுகிறார்கள். அதையும் முழுத் தீர்வென்று சொல்வதற்கில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலிட்டு அழும் விதவை, மரணப்படுக்கையில் அவஸ்தைப்பூசுதல் பெறும் கிழவர், கணவன் குடித்துவிட்டு அடிப்பதைச் சாமியாரிடம் சொல்ல வந்த பெண், இவர்களுக்குத் தாய்மொழி தவிர வேறு மொழி உதவாது. உயிர் போகிற நேரத்தில் யாரும் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். தமிழ் தெரிந்த குரு ஒருவர் பங்கில் இருப்பது அவர்கள் உரிமை. யாரும் இடும் பிச்சையல்ல. விடிகாலையிலேயே பாத்திரம் தேய்க்கப் போகிற பெண்கள் வர முடியாத நேரத்தில் தமிழ்ப் பூசையை வைத்துவிட்டு, ‘தமிழர் வருவதில்லை’ என்று கணக்குக் காட்டுவதும் முறையல்ல.

வெளி வாழ்க்கை வேறு. கோவில் பள்ளிக்கூடம், பங்குப் பேரவை, மாநகராட்சிக்கு எழுதும் மனு, இவற்றில் கன்னடம் முன்னால் நிற்பதே சரி. இங்கே தமிழர் பக்கத்துத் தவறும் உண்டு. மூன்று தலைமுறை அல்சூரில் வாழ்ந்தும் கன்னடத்தில் ஒரு விண்ணப்பம் எழுதத் தெரியாத குடும்பங்கள் எத்தனை! அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழாவது வருகிறதா என்றால், தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடுகிறார்கள். இரண்டு மொழியையும் கைவிட்ட பிள்ளைக்காகத்தான் பெரியவர்கள் கோவில் வாசலில் கை ஓங்குகிறார்கள்.

ஆகஸ்டு 29-ல் கொடியேறி, செப்டம்பர் 8-ல் தேரோடு முடியும் சிவாஜிநகர் மாதா திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சண்டை விசித்திரமாக இருக்கும். காவி உடுத்தி நடந்து வருகிறவர்களில் இந்துக்கள் எத்தனையோ பேர். மெழுகுவர்த்தி விற்பவர் உருதுவில் விலை சொல்கிறார், வாங்குகிறவர் தமிழில் பேரம் பேசுகிறார், போலீஸ்காரர் கன்னடத்தில் வரிசையைச் சரிசெய்கிறார். மாதாவிடம் எந்த மொழியில் வேண்டினாய் என்று யாரும் யாரையும் விசாரிப்பதில்லை.

அல்சூருக்கு வேறோர் அனுபவமும் உண்டு. 1991-ல் ஏரிக்கரையில் வைத்த திருவள்ளுவர் சிலை திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. அதே ஆண்டு டிசம்பரில் காவிரிக் கலவரம். தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு ரயிலேறின. 18 ஆண்டுகள் கழித்து, 2009 ஆகஸ்டு 9-ல் சிலை திறந்தது. நான்கு நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை எழுந்தது. கோர்ட்டும் போலீஸும் தீர்க்காததை ஒரு கொடுக்கல் வாங்கல் தீர்த்தது.

பங்குகளும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தமிழர் மிகுந்த ஒவ்வொரு பங்கிலும் மாலையில் கன்னட எழுத்து வகுப்பு, அதுவும் பெரியவர்களுக்குச் சேர்த்து. திருநாள் பூசையில் தமிழ்ப் பாடற்குழு இரண்டு கன்னடப் பாட்டு, கன்னடக் குழு இரண்டு தமிழ்ப் பாட்டு. தமிழ்ப் பூசை நேரத்தைக் குறிக்குமுன் கூலிக்காரர்களையும் வீட்டு வேலைப் பெண்களையும் கூப்பிட்டுக் கேட்பது. பெரிய செலவில்லை. ஆயர் இல்லம் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அடுத்த ஞாயிறே தொடங்கிவிடலாம்.