ஜூலை மாதத்து ஜனங்கள்

ஸ்காட்லாந்துக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்பட விஸ்கியைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அவர்களுடைய பதிவேடுகள். 1855 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாமே கட்டாயப் பதிவு. மரணப் பதிவில்கூட இறந்தவருடைய தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும். பத்து வருடத்துக்கொரு முறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கை நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டு, பிறகு பெயர் பெயராகத் திறந்து காட்டுகிறார்கள். 1921 கணக்கு 2022-ல் திறந்தது. பாட்டனார் குடியிருந்த தெருவைத் தேடி கனடாவிலிருந்தெல்லாம் பேரன்கள் வந்து இறங்குகிறார்கள். நம்மில் பலருக்குக் கொள்ளுப்பாட்டியின் பெயரே தெரியாது!

இத்தனை கச்சிதத்திலும் ஓர் ஓட்டை. பெர்த்ஷயரில் பிளேர்கவுரி என்று ஒரு சிற்றூர். இருபதாம் நூற்றாண்டில் அதற்குப் பெயர் வாங்கித் தந்தது ராஸ்பெரி. அழுத்திப் பிடித்தால் நசுங்கிவிடும் பழம். பழுத்தால் காத்திருக்காது. இடுப்பில் வாளியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கையால்தான் பறிக்க வேண்டும். கூலி எடைக்கு. ஜூலை பிறந்தால் கிளாஸ்கோ, டண்டி தொழிலாளர் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்துவிடும். பெயருக்குத்தான் அது விடுமுறை. கூடவே 'டிராவலர்' எனப்படும் நாடோடி மக்கள் வயலோரம் கூடாரம் போடுவார்கள். தகரப் பாத்திரம் செய்பவர்கள், குதிரை விற்பவர்கள், டே நதியில் முத்துச்சிப்பி தேடுபவர்கள். ஊருக்கு அவர்களுடைய கைகள் வேண்டும், சகவாசம் வேண்டாம்.

1901-ல் கணக்கெடுத்தது மார்ச் 31. 1911-ல் ஏப்ரல் 2. 1921-ல் ஜூன் 19. எதுவுமே ஜூலை இல்லை. பறித்தவர்கள் அன்றைக்கு வேறெங்கோ இருந்தார்கள். பழத்தால் பிழைத்த ஊரின் பட்டியலில் பழம் பறித்தவர்கள் இல்லை.

அவர்கள் அகப்பட்டது வேறோர் இடத்தில். ஐம்பதுகளில் ஹாமிஷ் ஹெண்டர்சன் எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு இந்த வயல்களுக்கு வந்தார். நயாகராவுக்கு அடியில் தகர டப்பாவை நீட்டிய மாதிரி இருந்தது என்றார். அவ்வளவு பாட்டு, அவ்வளவு கதை. எழுத்தறியாத பலருக்குத் தங்கள் பாட்டு யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது அத்துப்படி. அதுவும் வம்சாவளிதானே?

அங்கே கிடைத்தவர்களில் ஒருவர் பெல் ஸ்டூவர்ட். 1906-ல் டே நதிக்கரையில் ஒரு கூடாரத்தில் பிறந்தவர். பிளேர் வயல்களுக்குப் பறிக்க வரும் பல ஊர்க் கூட்டத்தையும் வைத்து அவரே ஒரு பாட்டுக் கட்டியிருந்தார். கணக்கெடுப்பு அதிகாரி விட்டதை ஒரு கூடாரத்துப் பெண்மணி செய்தார் என்று வைத்துக்கொள்ளலாம். 1981-ல் அவருக்கு அரசியாரின் பி.ஈ.எம். விருது. 1997-ல் காலமானார். தாயின் கதையை மகள் ஷீலா 2006-ல் புத்தகமாக எழுதினார். அந்த நாள் ஒலிப்பதிவுகள் ஏராளமாக இன்று இன்டர்நெட்டிலேயே கிடைக்கின்றன. சான்றிதழில் பெயரைத் தேடுகிறவர்களுக்கு மத்தியில், கொள்ளுப்பாட்டியின் குரலையே கேட்க முடிகிற வாரிசுகளும் உண்டு.

இப்போது பழங்கள் பெரும்பாலும் பாலிதீன் கூடாரங்களுக்குள் பழுக்கின்றன. ஐரோப்பிய யூனியனைவிட்டு பிரிட்டன் விலகிய பின் கிர்கிஸ்தானிலிருந்தும் உஸ்பெகிஸ்தானிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆறு மாத விசா, கேரவன் வாசம். ஸ்காட்லாந்தின் கடைசிக் கணக்கெடுப்பு நடந்தது 2022 மார்ச் 20. அப்போது செடியில் பிஞ்சுகூட இல்லை. அந்த கேரவன்களுக்கு யாராவது டேப் ரெக்கார்டரோடு போகிறார்களா?