கலப்பு சிமென்ட் மீது வீண்பழி

கரியமில வாயுவைப் பிடித்து நிலத்தடியில் புதைக்கும் ஆலைகள் வரும்வரை சிமென்ட்டின் மாசைக் குறைக்க வழியில்லை என்பது மூட்டைக்குள் இருப்பதைப் பார்க்காத வாதம். மாசின் பெரும்பகுதி, சிமென்ட்டாக அரைக்கப்படும் சுட்ட கட்டியான கிளிங்கரில் பிறக்கிறது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸில் சுடும்போது எரிபொருளின் புகை ஒருபுறமிருக்க, கல்லே கரியமில வாயுவை வெளிவிடுகிறது. சூரிய மின்சாரம் இதைத் தடுக்காது. கிளிங்கரைக் குறைத்தால் மாசு குறையும். அனல்மின் நிலையச் சாம்பலை 35 சதவீதம்வரை சேர்க்க இந்தியத் தரநிலை அனுமதிக்கிறது. சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேரும் எல்சி3 வகையில் கிளிங்கர் ஏறக்குறைய பாதிதான். களிமண்ணைச் சுட 800 டிகிரி அளவே போதும். எல்சி3க்கும் 2023இல் தரநிலை வந்துவிட்டது.

இப்படிக் கிளிங்கரைக் குறைத்த கலப்பு சிமென்ட்டுக்குப் பலம் போதாது என்பது அடுத்த குற்றச்சாட்டு. சாம்பல் கலந்தது தொடக்கத்தில் மெதுவாகவே இறுகும்; அது உண்மை. ஆகவே சென்ட்ரிங் பிரிப்பதில் அவசரம் கூடாது. 7 நாளுக்குப் பதில் 10 நாளாவது தண்ணீர் விட வேண்டும். எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த இந்த வேலையைச் செய்யாமல் மூட்டையைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒழுங்காக நீர் காட்டிய கலப்பு சிமென்ட் கான்கிரீட், கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் கடலோர உப்பைச் சாதாரண சிமென்ட்டைவிட நன்றாகத் தடுக்கிறது.